யார் எழுதும் ஒழுக்க விதி?

“வாத்தியார்களுக்கு ஒழுக்கமில்லை, கடுமையான விதி போட வேண்டும்” என்று ஆனைமலை டீக்கடைகளில்கூடப் பேச்சு நடக்கிறது. விதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதை எழுதுவது யார்? யாரைக் காப்பாற்ற? இதுதான் கேள்வி.

2003 ஜூலையைத் தமிழ்நாடு மறக்கவில்லை. பென்ஷன் முதலிய சலுகைகளில் கைவைத்ததை எதிர்த்து ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜெயலலிதா சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பித்து, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பியது. விசாரணை உண்டா? விளக்கம் கேட்டார்களா? கிடையாது! ஆகஸ்ட் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட், அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்யச் சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. பெரும்பாலோரைத் திரும்ப எடுத்தபோது சர்க்கார் கேட்டது என்ன? நிபந்தனையற்ற மன்னிப்பு, 1973-ம் வருஷத்து நடத்தை விதிகளில் 22-வது விதிக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழி! வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் விதி அது. படிக்கும் பிள்ளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆசிரியரின் வாயைக் கட்டும் கயிற்றுக்கு ஒழுக்கம் என்று பெயர்!

உலகம் ஒப்புக்கொண்ட நியாயம் வேறு. 1966 அக்டோபர் 5-ந் தேதி பாரிஸ் மாநாட்டில், யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் சேர்ந்து தயாரித்த ஆசிரியர் அந்தஸ்து பற்றிய சிபாரிசு நிறைவேறியது. ஒழுக்க விதிகளை ஆசிரியர் சங்கங்களே வகுக்க வேண்டும் என்கிறது அதன் 73-வது பாரா. அந்த நாளைத்தான் உலக ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

“அப்படியானால், தப்புச் செய்யும் ஆசிரியரை யார் கேட்பது?” நியாயமான கேள்வி. சங்கத் தோழர்கள் இதில் மழுப்பக் கூடாது. ஆனைமலைக் காடுகளின் காடர், மலசர் குடியிருப்புகளிலிருந்தும், வால்பாறை எஸ்டேட் லயன்களிலிருந்தும் வரும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு ஏணி ஏது? அந்தப் பிள்ளையைச் சாதி சொல்லி ஒதுக்குகிறவருக்குச் சங்கம் குடை பிடிக்கலாமா? 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் தடுத்த பிறகும் பிரம்பெடுக்கிறவருக்கும், டியூஷன் வியாபாரம் நடத்துகிறவருக்கும் பிடிக்கலாமா? கூடவே கூடாது. “நம்மவர்” என்று மூடி மறைத்தால், விதி எழுதும் அதிகாரத்தை நாமே சர்க்காரின் கையில் தூக்கிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

ஆசிரியத் தோழர்களே! உங்கள் விதியை நீங்களே எழுதுங்கள். கூலி வேலை செய்யும் பெற்றோர்களையும் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள். முதல் விதி பிள்ளையின் மானத்தைக் காக்கட்டும். இரண்டாம் விதி ஆசிரியரின் போராடும் உரிமையைக் காக்கட்டும். ஒன்றை விட்டு மற்றது நிற்காது.