எல்லை தாண்டும் சைக்கிளும் நம் கூட்டுப் பொறுப்பும்

நெதர்லாந்தில் மக்கள்தொகையைவிடச் சைக்கிள்களின் எண்ணிக்கை அதிகம். அங்கே ஒருவர் ஓட்டி முடித்த வண்டியை, பிரான்சிலோ ஜெர்மனியிலோ இருக்கும் இன்னொருவர் இணையத்தில் பார்த்து வாங்குவது இன்று எளிது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே சுங்கவரி இல்லை. நல்ல நிலையில் உள்ள வண்டி குப்பைக்குப் போகாமல் இன்னொரு குடும்பத்துக்குப் பயன்படுகிறது. இந்த வணிகம் வளர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. நம்பிக்கையோடு எப்படி வளர்வது என்பதே கேள்வி.

அயல்நாட்டாரிடம் பழைய சைக்கிள் வாங்கவே வேண்டாம் என்போர் உண்டு. ஏறி ஓட்டிப் பார்க்காமல் வாங்குவது எப்படி, கார்பன் ஃபிரேமில் உள்ள நுண்ணிய விரிசல் படத்தில் தெரியுமா என்று அவர்கள் கேட்பது நியாயமே. மறுபுறம், உள்ளூரில் தங்கள் உயரத்துக்கும் வசதிக்கும் ஏற்ற வண்டி கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். புது வண்டிக்குப் பணம் போதாத மாணவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இது பயனுள்ள வழி. இரு தரப்பையும் மதித்துப் பார்த்தால், வாங்குவதா வேண்டாமா என்பதைவிட, எப்படி வாங்குவது, எப்படி விற்பது என்பதே நாம் சேர்ந்து பேச வேண்டியது.

இதில் மிகவும் வேதனை தருவது திருட்டு வண்டிகள். ஜெர்மானியச் சட்டப்படி, திருடப்பட்ட பொருளை ஒருவர் நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் உரிமை அவருக்கு மாறுவதில்லை. பறிகொடுத்தவர் அதைத் திரும்பக் கேட்கலாம். டச்சுச் சட்டம் பறிகொடுத்தவருக்கு 3 ஆண்டுகள் அவகாசம் தருகிறது. முறையான கடையில் வாங்கிய நுகர்வோருக்கு அங்கே பாதுகாப்பு உண்டு, தனிநபரிடம் வாங்கியவருக்கு இல்லை. வண்டியை இழந்தவரும் அறியாமல் வாங்கியவரும் தவறேதும் செய்யாதவர்கள். ஆனாலும் நஷ்டம் இவர்களில் ஒருவர் தலையில்தான் விழுகிறது. யார் தலையில் என்பதை நாட்டுக்கு நாடு சட்டம் வெவ்வேறாகத் தீர்மானிக்கிறது. அந்த நிலை வராமல் தடுப்பதில்தான் எல்லோருக்கும் நன்மை இருக்கிறது.

தடுப்பதற்கான கருவி ஏற்கெனவே வண்டியிலேயே இருக்கிறது. பெரும்பாலான சைக்கிள்களில் பெடல் அச்சுக்கு அடியில் ஃபிரேம் எண் பொறிக்கப்பட்டிருக்கும். நெதர்லாந்து காவல்துறையின் இணையதளத்தில் அந்த எண்ணை இட்டால், திருட்டுப் புகார் பதிவாகியிருக்கிறதா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். பிரிட்டனில் பைக்ரெஜிஸ்டர் என்ற பதிவேட்டைக் காவல்துறையினர் பயன்படுத்துகிறார்கள். பிரான்சில் 2021 ஜனவரி முதல் கடைகளில் விற்கும் புதிய சைக்கிள்களுக்கும், அதே ஆண்டு ஜூலை முதல் வணிகர்கள் விற்கும் பழைய சைக்கிள்களுக்கும் அடையாள எண் கட்டாயம். ஒவ்வொரு நாடும் தன்னளவில் நல்லதைச் செய்திருக்கிறது. ஆனால் வண்டி எல்லை தாண்டும் வேகத்தில் தகவல் தாண்டுவதில்லை. ஒரு நாட்டில் புகார் பதிவான வண்டி, மறு நாட்டுப் பதிவேட்டில் குற்றமற்றதாகவே தெரியலாம்.

பதிவைக் கட்டாயமாக்குவதில் தயக்கம் உள்ளவர்களின் குரலையும் கேட்க வேண்டும். ஃபிரேம் எண்ணை விளம்பரத்தில் போட்டால் அதை யாரேனும் தவறாகப் பயன்படுத்தலாம் என்று நேர்மையான விற்பனையாளரே அஞ்சுகிறார். பெயரும் முகவரியும் அரசின் கோப்பில் சேர்வதைச் சிலர் விரும்புவதில்லை. இரண்டும் புறந்தள்ளக்கூடிய கவலைகள் அல்ல. எண்ணை ஊரறியக் காட்டாமல், வாங்க முன்வந்தவருக்குப் பணம் கைமாறும் முன் தந்தால் போதும். பதிவேடும் உரிமையாளர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. புகார் உண்டா, இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும். பிரான்ஸ் கூட வணிகர்களுக்குத்தான் கடமையை விதித்தது. தனியாருக்கு அதை விருப்பமாக விட்டது. கட்டாயத்துக்கும் கட்டுப்பாடின்மைக்கும் நடுவே வழி உண்டு என்பதற்கு இது சான்று.

உரிமைகளைப் பற்றிய தெளிவும் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வணிகரிடம் இணையம் வழியே வாங்கினால், 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பித் தரலாம். வணிகர் விற்கும் பழைய பொருளுக்கும் சட்டப்படியான உத்தரவாதம் உண்டு. சிக்கல் வந்தால் ஐரோப்பிய நுகர்வோர் மையங்கள் உதவும். தனிநபரிடம் வாங்கும்போது இவை பொருந்தா. ஆகவே தனிநபர் விற்பனையில் இரு தரப்பின் நேர்மையே முதல் பாதுகாப்பு. பிரிட்டனிலிருந்து ஒன்றிய நாட்டுக்கு வரும் வண்டிக்கு 2021 முதல் மதிப்புக் கூட்டு வரியும் சிலபோது சுங்கவரியும் சேரும் என்பதை இருவரும் முன்கூட்டியே பேசிக்கொண்டால், பின்னர் மனக்கசப்பு வராது. பிரிட்டனில் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு. ஐரோப்பிய நிலப்பகுதியில் பெரும்பாலும் இடக்கைப் பிரேக்தான் முன்சக்கரத்தைப் பிடிக்கும். இதை ஒரு வரியில் சொல்லிவிடுவது ஒரு விபத்தைக்கூடத் தடுக்கலாம். மின்சார சைக்கிளின் லித்தியம் பேட்டரி, அஞ்சலில் ஆபத்தான பொருள் வகையில் சேரும். அதைச் சாதாரணப் பார்சலில் மறைத்து அனுப்பினால் தபால் ஊழியர்களுக்கும் ஆபத்து.

ஆகவே, பொறுப்பைப் பகிர்ந்துகொள்வோம். சைக்கிள் வைத்திருப்பவர் இன்றே ஃபிரேம் எண்ணைப் படமெடுத்து, வாங்கிய ரசீதோடு சேர்த்து வைக்கலாம். திருடு போனால் உடனே புகார் தரலாம். விற்பவர் அந்த ரசீதையும் எண்ணையும், தேய்ந்த சங்கிலி, கீறல் உட்பட எல்லாக் குறைகளையும் காட்டலாம். வாங்குபவர் விற்பவரின் நாட்டுப் பதிவேட்டையும் தன் நாட்டுப் பதிவேட்டையும் பார்க்கலாம். விலை மிக மலிவாக இருந்தால் ஏன் என்று கேட்கலாம். விற்பனைத் தளங்கள் எண்ணைச் சரிபார்க்கும் வசதியை விளம்பரத்தோடு இணைக்கலாம்; வண்டி வந்து சேரும்வரை பணத்தைப் பொறுப்பில் வைத்துக்கொள்ளலாம். அரசுகள் தம் பதிவேடுகள் ஒன்றோடொன்று பேச வழிசெய்யலாம்.

இவற்றில் எதுவும் பெரிய தியாகம் அல்ல. நேர்மையான விற்பனையாளருக்கு நல்ல விலையும், வாங்குபவருக்கு நிம்மதியும், பறிகொடுத்தவருக்கு வண்டி திரும்பக் கிடைக்கும் வாய்ப்பும் இவற்றால் கிடைக்கும். திருடருக்கு மட்டுமே சந்தை சுருங்கும். பதிவேடுகள் இணையும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. அடுத்த முறை விற்கும்போது கேட்காமலே எண்ணைத் தருவதும், வாங்கும்போது தயங்காமல் கேட்பதும் நம் வழக்கமாகட்டும். மக்களிடம் பழக்கமாகிவிட்ட ஒன்றைச் சட்டமாக்குவதும் அரசுகளுக்கு எளிதாக இருக்கும்.