செம்பனை நிரையும் ஒரு வாழிடம்தான்

வாழிடம் என்ற தலைப்பு வந்ததும் நம் வகுப்பறைச் சுவரில் ஒட்டகமும் துருவக்கரடியும் ஏறிவிடுகின்றன. பிள்ளைகள் பாலைவனத்துக்கும் பனிக்கும் கோடிழுத்து முழுப்புள்ளி வாங்கிவிடுவார்கள். செம்பனைக் காட்டில் என்னென்ன வாழ்கிறது என்று சிடாம் கிரிப் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "பாம்பு, டீச்சர்." அத்தோடு சரி.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. லயங்கள் காலியாகிக் குடும்பங்கள் சுங்கைப் பட்டாணி, பாடாங் செராய் தாமான்களுக்குப் போய்விட்டன. தோட்டப் பெயரைச் சுமந்தபடி பள்ளிகள் சிலவும் பட்டணத்துக்கு வந்துவிட்டன. தாத்தா ரப்பர்ப் பால் வெட்டிய மண்ணைப் பேரப்பிள்ளை கார் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறது.

பாடத்தை அந்த மண்ணில் இப்போது நிற்கும் செம்பனையிலிருந்தே தொடங்கலாம். ஒரே மரத்தடியில் முக்கால் மணி நேரம் போதும். வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டையில் மக்கு சேர்ந்து பெரணி முளைத்திருக்கும். ஆண் பூங்குலையை நெருங்கினால் சோம்பு வாசனை அடிக்கும். உற்றுப் பார்த்தால் எள்ளளவு வண்டுகள் ஊரும். செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். மலேசியாவில் 1917-இலேயே அதை வணிகப் பயிராக நட்டுவிட்டார்கள்; அந்த வண்டு கேமரூனிலிருந்து வந்து சேர்ந்ததோ 1981-இல்தான். அதுவரை காய் நன்றாகப் பிடிக்க மகரந்தத்தைக் கையால் தூவ ஆள் போட்டார்கள். ஓர் உயிர் இன்னொன்றை அண்டிப் பிழைப்பதைக் காட்ட நமக்கு வேறு விளக்கப்படம் எதற்கு? பழத்துக்கு எலி வருகிறது, எலிக்குப் பாம்பு வருகிறது. பாம்பு போதாதென்று தோட்ட நிர்வாகம் கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகையையும் குடிவைக்கிறது.

ஆனால் பச்சையாக இருப்பதெல்லாம் காடு என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது. செம்பனையில் எல்லாம் ஒரே மரம், ஒரே வயது. உலு மூடா காட்டில் இருவாசிக்குக் கூடு வைக்க முதிர்ந்த மரத்தில் பொந்து கிடைக்கும், இங்கே கிடைக்காது. கெடா, பெர்லிஸ், பினாங்கு மூன்றுக்கும் தண்ணீர் தருகிற நீர்ப்பிடிப்புக் காடு அது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம்.

மற்ற வாழிடங்களும் தொலைவில் இல்லை. மெர்போக் ஆற்று முகத்தில் சதுப்புநிலக் காடு இருக்கிறது. நீர் வற்றிய நேரமாகப் பார்த்துப் போனால் மூச்சுவேர்களையும் சேற்றில் தாவும் மீனையும் பார்க்கலாம். ஜெராய் மலை 1,217 மீட்டர். அடிவாரத்தில் ஒரு தடவையும் உச்சியில் ஒரு தடவையும் வெப்பமானியைப் பிள்ளைகளே படிக்கட்டும். ஆறேழு பாகை குறையும், மரங்களும் குட்டையாகும். இரண்டுக்கும் உள்ள தொடர்பை அவர்களே பேசட்டும், நாம் முந்திக்கொள்ள வேண்டாம்.

சோதனைத் தாளில் கோடிழுக்கும் கேள்விக்குப் பதிலாக இப்படி ஒன்று வைக்கலாம்: செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டில் வெட்டி மறுநடவு செய்கிறார்கள், அந்த வாரம் கூகை, எலி, பெரணி, வண்டு இவற்றுக்கு என்ன ஆகும்? விடை நான்குக்கும் ஒன்றாக இருக்காது. திருத்துவதற்குக் கொஞ்சம் சிரமம்தான்.

தோட்டத்துக்குப் போகுமுன் நிர்வாகியின் எழுத்துமூல அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். களைக்கொல்லி அடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு ஒதுக்கிவிடுங்கள். எல்லாருக்கும் முழங்கால் வரை பூட்ஸ் வேண்டும். மட்டைக் குவியலில் கை வைக்கக் கூடாது. பாம்பு என்று அந்தப் பிள்ளை சொன்னது பொய்யில்லை.