ஆறாத புண்ணுக்கு ஆறு மாதத் தவணை எதற்கு?

காலை முதல் கடை அடைக்கும் வரை நின்றபடியே புடைவை விரித்துக் காட்டும் விற்பனைப் பெண்ணுக்கும், கொதிக்கும் கல்லை விட்டு நகர முடியாத பரோட்டா மாஸ்டருக்கும், நாற்சந்தியில் நிற்கும் போலீஸ்காரருக்கும் நடுவயதில் அடிக்கடி வந்து சேரும் உபாதை நரம்பு சுருட்டல். வம்சவழியும் கர்ப்பமும் உடற்பருமனும்கூட அதற்குக் காரணங்களே. காலிலிருந்து இருதயத்தை நோக்கி ஏறும் இரத்தம் மீண்டும் கீழே இறங்காவண்ணம் தடுக்கும் வால்வுகள் பழுதடையவே, சிரைகள் புடைத்துச் சுருண்டு, கணுக்காலின் உட்புறத்துச் சருமம் கறுத்து இறுகி, தினவெடுத்துச் சொறிந்த இடமோ கட்டிற்காலில் இடித்துக்கொண்ட இடமோ புண்ணாகி, மாதக்கணக்கில் நீர் வடிகிறது. துர்நாற்றத்துக்கு அஞ்சிக் கல்யாண வீடுகளையும் தவிர்த்து ஒதுங்கியிருப்போரின் துயரம், புண்ணின் கட்டை அவிழ்த்துக் கட்டும் நர்ஸம்மாவுக்குத்தான் தெரியும்.

இத்தகைய புண்ணைக் கட்டிக்கொண்டே காலங்கடத்துவதை விடுத்து, அதற்கு மூலமான சிரையைத் தாமதமின்றி அடைத்துவிட வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். தாமதத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. பிரிட்டனில் 500 நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2004இல் வெளியான ஆராய்ச்சியில், காலை இறுக்கிச் சுற்றும் அழுத்தக் கட்டோடு அறுவைச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு ஓராண்டில் புண் திரும்புவது 28 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்ததே தவிர, புண் ஆறும் வேகத்தில் வித்தியாசம் தென்படவில்லை. ஆகவே, புண் ஆறிய பிறகு சிரையைக் கவனித்துக்கொள்ளலாமென்று வைத்தியர்கள் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் அது கீறி உரித்தெடுக்கும் பழைய அறுவை. இன்றோ, ஸ்கேன் திரையைப் பார்த்தவாறே மெல்லிய குழாயைச் சிரைக்குள் செலுத்தி, லேசராலோ ரேடியோ அலையாலோ சூடேற்றி அடைத்துவிடுகிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டால் போதும், நோயாளி அன்றே நடந்து வீடு திரும்புகிறார்.

இவை போன்ற முறைகளைக் கொண்டு பிரிட்டனின் 20 மருத்துவமனைகளில் 450 பேரிடம் மஞ்சித் கோஹெல் முதலிய நிபுணர்கள் நடத்திய ‘எவ்ரா’ பரிசோதனையின் முடிவு 2018இல் வெளியாயிற்று. இரு சாராருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. ஒரு சாராருக்கு இரண்டு வாரத்துக்குள் சிரைச் சிகிச்சை, மற்றவர்களுக்குப் புண் ஆறிய பிறகோ ஆறு மாதம் கழித்தோதான். முன்னவர்களுக்குப் புண் ஆற எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் 56 நாள். பின்னவர்களுக்கு 82 நாள். தினக்கூலி வாங்குபவனுக்கு இருபத்தாறு நாள் அற்பமன்று.

புதிய கருவி என்றதும் மயங்குவோரல்லோம் நாம். தொடையின் ஆழ்சிரையில் உறைந்த இரத்தத்தைக் குழாய்வழி மருந்து செலுத்திக் கரைக்கும் சிகிச்சை, 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பிற்கால வீக்கத்தையும் வலியையும் தடுக்கவில்லை. இரத்தக்கசிவு அபாயத்தை மட்டும் அதிகப்படுத்திற்று. பரிசோதனையில் தேறியதை ஏற்பதும் தேறாததை ஒதுக்குவதும் ஒரே நியாயத்தின்பாற்பட்டவை. அழுத்தக் கட்டையும் கண்மூடித்தனமாகப் போடலாகாது. தமனி அடைப்புள்ள காலில், முக்கியமாக நீரிழிவுக்காரர் காலில், அதுவே விபரீதமாகும்.

கடை ஊழியருக்கு இருக்கை அளிக்க வேண்டுமென்று 2021இல் சட்டம் திருத்திய தமிழக அரசு, இருக்கை வருமுன்பே கால் கெட்டவர்களையும் நினைக்கக் கடமைப்பட்டுள்ளது. லேசர் சிகிச்சை காசுள்ளவர்களின் கால் அழகுக்கு மட்டும் உரியதாக இருத்தல் தகாது. இரண்டு வாரத்தில் ஆறாத காற்புண்ணை இரத்தக்குழாய் நிபுணரிடம் அனுப்புக என்கிறது பிரிட்டனின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டி. அவ்விதியை நம் ஆரம்ப சுகாதார நிலையங்களும் மேற்கொள்ளட்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைதோறும் டாப்ளர் ஸ்கேனுக்கு வாரத்தில் ஒரு நாளேனும் இவர்களுக்கென ஒதுக்கட்டும். சிரையை அடைக்கும் கருவியை வாங்கித் திறப்புவிழா நடத்துவதோடு நில்லாமல், ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக வேண்டியிருக்கும் குழாய்க்கும் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் பணம் வைக்கட்டும்.