சுத்தியல் தேடப் போனவர்

பிரிட்டனில் விடுமுறை நாள் பொழுதுபோக்குகளில் இதுவும் ஒன்று. காதில் ஹெட்போன், கையில் நீண்ட கோல், அதன் முனையில் ஒரு வட்டத் தட்டு. பூங்காப் புல்வெளியிலும் அறுவடை முடிந்த வயலிலும் மெட்டல் டிடெக்டரை வீசிக்கொண்டே மெதுவாக நடக்கிறார்கள். தட்டுக்குள் இருக்கும் கம்பிச்சுருளின் காந்தப்புலம் மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டும். ஹெட்போனில் 'கீச்' என்று சத்தம் வரும். குனிந்து தோண்டினால் பெரும்பாலும் சோடா மூடி. எப்போதாவது விக்டோரியா காலத்துப் பென்னி. ஆயுளில் ஒருமுறை, யாரோ ஒருவருக்குப் புதையல்.

அந்த ஒருவர் அடுத்த அரை மணி நேரத்தில் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1992 நவம்பரில் சஃபோக் பகுதியின் ஹாக்ஸன் கிராமத்தில், விவசாயி ஒருவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடிக் கொடுக்கப் போனார் அவருடைய நண்பர், ஓய்வுபெற்ற தோட்டக்காரர். கிடைத்தவை ரோமானியர் காலத்துத் தங்க, வெள்ளிக் காசுகள். கொஞ்சம் எடுத்ததுமே தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து மிச்சத்தை முறைப்படி எடுத்தார்கள். ஏறத்தாழ 15,000 காசுகள். மரப்பெட்டி மக்கிப் போயிருந்தும், எந்தப் பொருள் எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்து, பெட்டிக்குள் எப்படி அடுக்கியிருந்தார்கள் என்றே சொல்ல முடிந்தது. வெள்ளியில் செய்த மிளகுக் குப்பிகளும் இருந்தன. நம் நாட்டு மிளகுக்கு அங்கே அத்தனை மவுசு! கண்டெடுத்தவருக்குச் சன்மானம் 17.5 லட்சம் பவுண்டு. விவசாயிக்கும் அதில் பங்கு கொடுத்தார். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்.

2015ல் ஹெரிஃபோர்ட்ஷயரில் நடந்தது நேர்மாறு. வைக்கிங் காலத்துப் புதையல் கிடைத்த இருவர் வாய் திறக்கவில்லை. இரண்டு ராஜ்யங்களின் மன்னர்கள் அருகருகே பொறிக்கப்பட்ட, வரலாற்றையே திருத்தி எழுத வைக்கும் காசுகள் அதில் இருந்தன. சுமார் 300 இருந்திருக்கும் என்று கணக்கு. பெரும்பகுதி ரகசியச் சந்தையில் மறைந்துவிட்டது. 2019ல் இருவரும் சிறைக்குப் போனார்கள். பெரும்பாலான காசுகள் திரும்பி வரவில்லை.

காசு வெறும் உலோகம் அல்ல. எங்கே கிடந்தது, எதனோடு கிடந்தது என்பதில்தான் அதன் பாதிச் செய்தி இருக்கிறது. பெயர்த்து எடுத்த பின் எந்த நிபுணராலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பிரிட்டன் இதைப் புரிந்துகொண்டு 1996ல் புதையல் சட்டத்தைத் திருத்தி எழுதியது. 1997 முதல், புதையல் கணக்கில் வராத சில்லறைப் பொருள்களையும் பதிவு செய்ய மாவட்டம்தோறும் ஆட்களை நியமித்தது. பதிவானவை 10 லட்சத்துக்கும் மேல். கட்டுப்பாடும் உண்டு: நகராட்சிப் பூங்கா என்றால் நகராட்சியின் அனுமதி வேண்டும், லண்டனின் அரச பூங்காக்களில் டிடெக்டருக்கே இடமில்லை.

நம் சட்டம் இதற்கெல்லாம் மூத்தது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் யாரும் இல்லாவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. அரசே வாங்கிக்கொண்டால் மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. காகிதத்தில் இது தாராளமான சட்டம். ஆனால் அஸ்திவாரம் தோண்டும் கூலியாளுக்கு அது தெரியாது. தெரிந்தாலும், பத்துக் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மீதி நூறு எங்கே என்று போலீஸ் கேட்கும் என்ற பயம். நகைக் கடைக்காரர் அப்படிக் கேட்க மாட்டார்.

அதன் விலை என்ன? 1946ல் ராஜஸ்தானின் பயானா அருகே, மகாராஜா வேட்டையாடிவிட்டுப் போன இடத்தில் காலித் தோட்டாக்களைப் பொறுக்கிய சிறுவர்களுக்கு ஒரு செம்புப் பாத்திரம் நிறைய குப்தர் காலத் தங்கக் காசுகள் கிடைத்தன. மீட்க முடிந்தவை 1,821. அதற்குள் ஏறத்தாழ 285 உருக்கப்பட்டுவிட்டன. மீண்டவற்றில் இரண்டாம் சந்திரகுப்தரின் 'சக்ரவிக்ரம' வகைக் காசு ஒன்றே ஒன்று. உருகிப்போனவற்றில் என்ன இருந்தது என்று இனி யார் சொல்வார்?

இதற்காக நம் பூங்காக்களிலும் டிடெக்டரோடு இறங்கலாம் என்று அர்த்தமில்லை. தில்லியின் லோதி தோட்டத்தில் நிற்பவை 15, 16ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள். கைர்பூர் என்ற கிராமத்தைக் காலி செய்துதான் 1936ல் அந்தத் தோட்டத்தைத் திறந்தார்கள். இங்கே புல்வெளிக்கு அடியில் ஊர் இருக்கும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லைக்குள் அனுமதியில்லாமல் தோண்டுவது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அது அப்படியே இருக்கட்டும்.

ஆனால் நம் நாட்டில் புதையலைக் கண்டெடுப்பவர் பொழுதுபோக்குக்காரர் அல்ல; ஏர் ஓட்டுபவர், கிணறு வெட்டுபவர், மண் சுமக்கும் பெண். தாலுகா ஆபீஸில் காசைக் கொடுப்பவருக்கு உட்கார ஒரு நாற்காலி, கையில் ஒரு ரசீது, காலம் கடத்தாமல் சட்டம் சொல்லும் பங்கு, மியூசியத்தில் காசுக்குக் கீழே அவர் பெயர். புதுச் சட்டம்கூட வேண்டாம். இவ்வளவு செய்தால், நகைக் கடைப் பக்கம் திரும்பும் கால்கள் கொஞ்சம் யோசிக்கும்.