பெண் வேட்பாளருக்கு வேறொரு அளவுகோல்

1994 நவம்பர் 9ஆம் திகதி நடைபெற்ற இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் பிரதான வேட்பாளர்கள் இருவருமே பெண்கள். பொதுஜன முன்னணியின் சார்பில் போட்டியிட்ட சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்கவின் கணவர் விஜய குமாரதுங்க 1988 பெப்ரவரியில் சுட்டுக்கொல்லப்பட்டவர். ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் போட்டியிட்ட சிறிமா திசாநாயக்கவின் கணவர் காமினி திசாநாயக்க, அதே தேர்தலில் வேட்பாளராக நின்று, வாக்களிப்புக்கு இரு வாரங்களுக்கு முன்னர் தொட்டலங்கக் குண்டுவெடிப்பில் பலியானவர். சந்திரிகாவுக்கு 62 சதவீத வாக்குகளும் சிறிமாவுக்கு ஏறத்தாழ 36 சதவீத வாக்குகளும் கிடைத்தன. நூற்றுக்கு 98 வாக்காளர்கள் ஒரு பெண்ணையே தங்கள் ஜனாதிபதியாக ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்த நாடு என்று அன்று எம்மைப் பற்றி எழுதியிருக்க முடியும்.

அதற்கு ஏறத்தாழ முப்பது வருடங்களுக்குப் பின்னர், 2024 செப்டெம்பரில் நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் 39 பேர் வேட்புமனுத் தாக்கல் செய்தனர். அவர்களில் ஒரு பெண்கூட இல்லை.

உலகின் முதல் பெண் பிரதமரைத் தந்த நாடு என்று மேடைதோறும் பெருமை பேசிக்கொள்ளும் எமக்கு இந்த இரண்டு தேர்தல்களும் ஒருசேர எதைச் சொல்கின்றன என்பதைச் சிந்திக்கவேண்டியிருக்கிறது. பெண் என்ற காரணத்துக்காக வாக்களிக்க மறுக்கும் மக்கள் அல்ல இலங்கையர்கள். ஆனால், ஒரு பெண் எந்த வாசல் வழியாக அரசியலுக்குள் வருகிறார் என்பதைப் பொறுத்தே அவரை அளக்கும் கோல் தீர்மானிக்கப்படுகிறது. ஆண்களுக்கு அப்படியொரு வாசல் சோதனை கிடையாது.

திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க 1960 ஜூலை 21ஆம் திகதி பிரதமராகப் பதவியேற்றபோது அவருக்குப் பாராளுமன்ற அனுபவம் எதுவும் இருக்கவில்லை. பத்து மாதங்களுக்கு முன்னர் கொல்லப்பட்ட கணவரின் நினைவே அவரது தேர்தல் பிரசாரத்தின் அச்சாணி. எதிரணியினர் அவரை 'அழும் விதவை' என்று ஏளனம் செய்தனர். ஆனால், அந்தக் கண்ணீர்தான் அவருக்கு வாக்குகளைச் சேர்த்தது. பின்னர் அவர் அதிகாரத்தை உறுதியுடன் பிரயோகிக்கத் தொடங்கியதும், அமைச்சரவையில் இருக்கின்ற ஒரேயொரு ஆண்மகன் அவர்தான் என்று பாராட்டாகக் கூறப்பட்டது. இதே 'பாராட்டு' இந்திரா காந்திக்கும் இஸ்ரேலின் கோல்டா மேயருக்கும் வழங்கப்பட்டிருக்கிறது. கலங்கினால் பெண்புத்தி, துணிந்தால் ஆண்பிள்ளை. துணிவும் ஆற்றலும் பெண்ணிடம் இயல்பாக இருக்கக்கூடியவை என்பதை ஒப்புக்கொள்ள மறுக்கும் இந்தப் பேச்சில் பாராட்டும் பழிப்பும் ஒரே வேரில் இருந்து வருகின்றன.

விதவை என்ற வாசல் சிங்கள அரசியலுக்கு மாத்திரம் உரியதல்ல. 1983 ஜனவரியில் கொல்லப்பட்ட வவுனியா ஐக்கிய தேசியக் கட்சிப் பிரமுகர் புலேந்திரனின் மனைவி இராஜமனோகரி 1989இல் பாராளுமன்றம் சென்றார். 1989 ஜூலையில் கொல்லப்பட்ட யோகேஸ்வரனின் மனைவி சரோஜினி 1998இல் யாழ்ப்பாணத்தின் முதல் பெண் மேயரானார். அதே வருடம் மே 17ஆம் திகதி அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார். 2008 புத்தாண்டு தினத்தில் கொழும்பில் ஆலயத்தில் வைத்துக் கொல்லப்பட்ட மகேஸ்வரனின் மனைவி விஜயகலா 2010இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்து தெரிவானார். இவர்களின் துணிச்சலை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. கணவரைக் கொன்ற துப்பாக்கி தம்மையும் தேடக்கூடும் என்பதைத் தெரிந்துகொண்டே களத்தில் இறங்கியவர்கள் அவர்கள். எமது கேள்வி அவர்களை நோக்கியதல்ல. ஒரு பெண்ணுக்கு வேட்புமனு கொடுப்பதற்கு எமது கட்சிகளுக்கு முதலில் ஒரு ஆணின் சடலம் தேவைப்படுவது ஏன் என்பதே கேள்வி.

கணவரின் பெயரைச் சுமந்துவரும் பெண்ணிடம் சமூகம் அதிகம் கேள்வி கேட்பதில்லை. அவர் ஒரு வெற்றிடத்தை நிரப்ப வந்தவர். தனக்காக எதையும் கேட்காதவர் என்று கருதப்படுகிறது. தனது சொந்தத் தகுதியை முன்வைத்து, எனக்கு அதிகாரம் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்கும் பெண்ணிடம்தான் கேள்விகள் வரிசைகட்டி நிற்கின்றன. திருமணம் ஆகாதவர் என்றால் ஏன் ஆகவில்லை? ஆனவர் என்றால் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? கணவர் அனுமதித்தாரா? இரவுக் கூட்டங்களுக்கு யாருடைய வாகனத்தில் போய் வருகிறார்? உரத்துப் பேசினால் வாய்க்காரி. மெதுவாகப் பேசினால் தலைமைத்துவத்துக்கு லாயக்கற்றவர். நன்றாக உடுத்தினால் மினுக்கம். எளிமையாக உடுத்தினால் பொதுமேடைக்குப் பொருத்தமற்ற தோற்றம். இவற்றில் ஒரு கேள்வியையாவது ஆண் வேட்பாளர் ஒருவரிடம் எவரும் கேட்டு நான் அறிந்ததில்லை. பத்துப் பிள்ளைகளின் தந்தை அரசியலுக்கு வந்தால் அவர் குடும்பஸ்தர். இரண்டு பிள்ளைகளின் தாய் வந்தால் அவர் குடும்பத்தைக் கைவிட்டவர்.

இந்த விடயத்தில் வளர்ச்சியடைந்த ஜனநாயகங்கள் எம்மைவிட வெகுதூரம் முன்னேறிவிட்டன என்று நினைக்கத் தேவையில்லை. 2008இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் நியமனத்துக்காக ஹிலாரி கிளின்டன் போட்டியிட்டபோது, நியூ ஹாம்ப்ஷயர் கூட்டமொன்றில் தங்களது சேர்ட்டுகளை இஸ்திரி போடுமாறு கூச்சலிட்டவர்கள் இருந்தார்கள். அதே மாநிலத்தில் அவர் ஒரு தடவை கண்கலங்கியது நாடெங்கும் நாட்கணக்கில் விவாதிக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவின் ஜூலியா கிலார்ட் பிரதமராவதற்கு முன்னரே, 2005இல் பத்திரிகையில் வெளியான அவரது வீட்டுச் சமையலறைப் படத்தில் பழக்கிண்ணம் வெறுமையாக இருந்தது ஒரு அரசியல் பிரச்சினையாக்கப்பட்டது. பிள்ளை பெறாத பெண் என்பதற்கு அது குறியீடாம். நியூசிலாந்தின் ஜசிந்தா ஆர்டேர்ன் 2017 ஓகஸ்டில் தொழிற்கட்சியின் தலைவரான சில மணித்தியாலங்களுக்குள் அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று, பிள்ளை பெறும் உத்தேசம் இருக்கிறதா என்பது.

தமிழர்களுக்கு மிகவும் பரிச்சயமான உதாரணம் ஜெயலலிதா. அண்ணாதுரை, கருணாநிதி, எம்.ஜி.ஆர். என்று அடுத்தடுத்து வந்த தமிழக முதலமைச்சர்களுக்குச் சினிமாத் தொடர்பு ஒரு அரசியல் மூலதனமாகவே இருந்தது. ஆனால், அதே சினிமாவில் இருந்து, அதே எம்.ஜி.ஆரால் கட்சிக்குள் கொண்டுவரப்பட்ட ஜெயலலிதாவுக்கு மாத்திரம் அது இழுக்காகக் கருதப்பட்டது. 1987 டிசெம்பரில் எம்.ஜி.ஆரின் பூதவுடலை ஏற்றிச்சென்ற வாகனத்தில் இருந்து அவர் கீழே தள்ளப்பட்டார். 1989 மார்ச் 25ஆம் திகதி தமிழக சட்டமன்றத்தினுள் அமளியில், எதிர்க்கட்சித் தலைவியாக இருந்த அவர் கலைந்த கூந்தலுடனும் கசங்கிய சேலையுடனும் வெளியே வர நேர்ந்தது. ஜெயலலிதாவின் ஆட்சிகளின் மீதான ஊழல் குற்றச்சாட்டுகள் வேறு. அவற்றுக்கு நீதிமன்றங்கள் இருந்தன. அரசியலில் நுழைந்த காலத்தில் அவர் மீது வீசப்பட்ட ஏச்சுகளுக்கும் அவரது ஆட்சிமுறைக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை.

இலங்கையில் இந்த நிலைமையை மேலும் மோசமாக்குவது எமது தேர்தல் முறை என்பது பலராலும் கவனிக்கப்படாத ஒரு அம்சமாகும். 1978 அரசியலமைப்பின் கீழ் கொண்டுவரப்பட்ட விகிதாசாரப் பிரதிநிதித்துவமும் விருப்பு வாக்கும் பாராளுமன்றப் பொதுத்தேர்தலில் முதன்முதலாக 1989இல் நடைமுறைக்கு வந்தன. அதன் பின்னர் ஒரு வேட்பாளரின் முதல் எதிரி எதிர்க்கட்சிக்காரர் அல்ல, தனது சொந்தப் பட்டியலில் இருக்கும் சக வேட்பாளரே. மாவட்டம் முழுவதும் சுவரொட்டி ஒட்டவும் வாகனங்களை ஓட்டவும் பணம் வேண்டும். பணமும் அடியாட்களும் பெரும்பாலும் ஆண்களிடமே இருக்கின்றன. இவை போதாத இடத்தில் வதந்தி கைகொடுக்கிறது. ஆண் போட்டியாளரைப் பற்றி ஊழல் கதையைப் பரப்பினால் வாக்காளர்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். பெண் போட்டியாளரைப் பற்றி ஒழுக்கக் கதையைப் பரப்பினால் அவர் வீட்டுப் படி தாண்டுவதே கடினமாகிவிடும். முன்னர் பெயரில்லாத துண்டுப்பிரசுரம் செய்த வேலையை இன்று முகநூலும் கைத்தொலைபேசியும் செய்கின்றன. பல பெண் வேட்பாளர்கள் தங்கள் கட்சி அலுவலகத்துக்குள்ளேயே அவமதிப்பைச் சந்திப்பதன் காரணம் இதுதான். வெளியே சொன்னால் கட்சிக்குத் துரோகம். சொல்லாவிட்டால் வதந்தி உண்மையாகிவிடும்.

பதவிக்கு வந்த பிறகும் இது ஓய்வதில்லை. கொழும்பின் முதல் பெண் மேயராக 2018இல் வந்த ரோசி சேனநாயக்க, அதற்கு முன்னர் பாராளுமன்றத்தில் எதிரணி உறுப்பினராக இருந்தபோது போக்குவரத்து தொடர்பில் கேட்ட கேள்விக்கு, சம்பந்தப்பட்ட அமைச்சர் அவரது அழகைப் பற்றிப் பேசிப் பதிலளித்த சம்பவம் நினைவிருக்கும். திருமணமானவர்களுக்கான உலக அழகிப் பட்டம் வென்றவர் என்பதுடன் தூதுவராகவும் பணியாற்றியவர் அவர். கேள்வி பஸ்களைப் பற்றியது. பதில் முகத்தைப் பற்றியது.

ஊடகங்களின் பங்கும் சிறியதல்ல. பல தசாப்தங்களாகப் பத்திரிகைத் துறையில் இருந்து அவதானித்த ஒன்றை இங்கு கூறலாம். ஆண் வேட்பாளரின் பேட்டி அரசியல் பக்கத்துக்குப் போகும். பெண் வேட்பாளரின் பேட்டி மகளிர் பக்கத்துக்குப் போகும். அவரிடம் மாவட்டத்தின் குடிநீர்ப் பிரச்சினையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னர், சமையலுக்கு நேரம் கிடைக்கிறதா என்று கேட்கப்படும். கேட்பவருக்கு அதில் எந்தத் தீய நோக்கமும் இருக்காது. ஆனால், வாசிப்பவரின் மனதில் அந்த வேட்பாளர் குடிநீருக்குப் பொறுப்பானவராகப் பதிவாகமாட்டார்.

தமிழ் அரசியலில் இந்தப் பிரச்சினைக்குத் தனியான ஒரு முகம் இருக்கிறது. 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி நடைபெற்ற வடமாகாண சபைத் தேர்தலில் அனந்தி சசிதரன் 87,870 விருப்பு வாக்குகளைப் பெற்று, யாழ்ப்பாண மாவட்டத்தில் விக்னேஸ்வரனுக்கு அடுத்த இடத்துக்கு வந்தார். வாக்களிப்புக்கு முந்திய நாள் அதிகாலையில் அவரது வீடு தாக்கப்பட்டது. வாக்களிப்பு தினத்தில் அவர் அரசாங்கத்தின் பக்கம் தாவிவிட்டதாகக் கூறும் செய்தியுடன் ஒரு போலிப் பத்திரிகையே அச்சிட்டு விநியோகிக்கப்பட்டது. அவ்வளவையும் மீறி மக்கள் அவருக்கு வாக்களித்தனர். ஆக, தமிழ் வாக்காளர்கள் பெண்ணுக்கு வாக்களிக்கமாட்டார்கள் என்று கட்சித் தலைவர்கள் கூறுவது உண்மையல்ல. ஆனாலும், 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு ஆகிய மூன்று மாவட்டங்களிலும் ஒரு பெண்ணேனும் தெரிவு செய்யப்படவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோருக்காக 2017 தொடக்கம் வெயிலிலும் மழையிலும் வீதியோரக் கொட்டகைகளில் அமர்ந்திருந்தவர்கள் தாய்மாரும் மனைவிமாருமே. போராட்டத்தின் முன்வரிசைக்குத் தகுதியான பெண்கள், வேட்பாளர் பட்டியல் தயாரிக்கப்படும் அறைக்குள் அழைக்கப்படுவதில்லை.

அதே பொதுத்தேர்தலில் தெற்கிலும் மலையகத்திலும் நிகழ்ந்தது வேறு. கொழும்பில் ஹரிணி அமரசூரிய 655,289 விருப்பு வாக்குகளைப் பெற்றார். இலங்கைத் தேர்தல் வரலாற்றில் அந்த எண்ணிக்கையை அதற்கு முன்னர் எவரும் எட்டியதில்லை. அவர் எந்தவொரு தலைவரின் மகளோ மனைவியோ அல்ல என்பது முக்கியமானது. மாத்தறையில் சரோஜா சாவித்திரி போல்ராஜும், நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும், பதுளையில் அம்பிகா சாமுவேலும் வெற்றிபெற்றனர். பெருந்தோட்டங்களில் நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக நாட்டின் பொருளாதாரத்தைச் சுமந்த பெண்களின் சமூகத்தில் இருந்து ஒரு பெண் பாராளுமன்றம் செல்ல 2024 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் 225 உறுப்பினர்களில் பெண்கள் பத்தில் ஒரு பங்கினருக்கும் குறைவே.

ஒதுக்கீட்டினால் என்ன செய்யமுடியும் என்பதற்கு உள்ளூராட்சி சபைகளே சான்று. 25 சதவீதப் பெண் பிரதிநிதித்துவத்தை இலக்காகக் கொண்ட சட்டம் 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை 2 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த பெண் உறுப்பினர்களின் விகிதம் ஒரே பாய்ச்சலில் 20 சதவீதத்தைத் தாண்டியது. உடனே ஒதுக்கீட்டில் வந்தவர்கள் தகுதியற்றவர்கள் என்ற குரல் எழுந்தது. ஆண் உறுப்பினர்களின் தகுதியைப் பற்றி அதுவரை வாய்திறக்காதவர்களே அதிகம் பேசினர் என்பதுதான் வேடிக்கை. 2025 ஜூனில் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மேயர் பதவிகளில் பெண்களே அமர்ந்தனர் என்பதைப் பார்க்கும்போது, வாசலைத் திறந்தால் வருபவர்கள் இருக்கிறார்கள் என்பது தெளிவு.

ஒன்றைத் தெளிவுபடுத்தவேண்டும். பெண் அரசியல்வாதிகளை விமர்சிக்கக் கூடாது என்பதல்ல இந்தக் கட்டுரையின் வாதம். சிறிமாவோவின் 1964 உடன்படிக்கை ஐந்து இலட்சத்து 25 ஆயிரம் மலையகத் தமிழர்களை அவர்களின் விருப்பத்தைக் கேளாமல் இந்தியாவின் கணக்கில் எழுதியது. அவரது 1972 அரசியலமைப்பு தமிழர்களை மேலும் அந்நியப்படுத்தியது. சமாதானத்துக்கான ஆணையுடன் வந்த சந்திரிகாவின் ஆட்சியில்தான் 1995 ஒக்டோபரில் வலிகாம மக்கள் இலட்சக்கணக்கில் இரவோடு இரவாக இடம்பெயர்ந்தனர். இவற்றுக்காக அவர்களை விமர்சிக்கத் தமிழர்களுக்குப் பூரண உரிமை உண்டு. ஆனால், சேனநாயக்கவையும் ஜெயவர்தனவையும் எந்தக் கோலால் அளக்கிறோமோ, அதே கோலால் அளக்கவேண்டும். கொள்கைக்காகக் கண்டிப்பது அரசியல். சேலைக்காகவும் திருமணத்துக்காகவும் தூற்றுவது அரசியலே அல்ல. உண்மையில் அது, பதிலளிக்கவேண்டிய கேள்விகளில் இருந்து ஆட்சியாளரைத் தப்பவும் வைக்கிறது.

அடுத்த தேர்தலுக்கு வேட்புமனுக்கள் கோரப்படும்போது தமிழ்க் கட்சிகள், பட்டியலின் இடைவெளிகளை நிரப்புவதற்காகக் கடைசி இரவில் பெண்களைத் தேடி ஓடும் வழக்கத்தைக் கைவிடவேண்டும். தேர்தலுக்கு ஒரு வருடம் முன்னரே அவர்களை இனங்கண்டு, பிரசாரச் செலவில் பங்கெடுத்து, சொந்தப் பட்டியலில் இருந்து அவதூறு பரப்புபவரை வேட்பாளராக இருந்தாலும் வெளியேற்றும் துணிவு தலைமைக்கு வேண்டும். வாக்காளர்களாகிய நாம் செய்யக்கூடியது அதைவிடச் சுலபமானது. ஒரு பெண் வேட்பாளரைப் பற்றி ஒரு கதை எமது காதுக்கு வரும்போது, இதே கதை ஒரு ஆணைப் பற்றியதாக இருந்தால் நான் அதைக் காதில் போட்டுக்கொள்வேனா என்று ஒரு கணம் யோசித்தால் போதும்.