பேரிக்காய் மரத்தை வெட்டும் முன்...

நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் வீட்டுக் கொல்லையிலும் காய்கறித் தோட்ட வரப்பிலும் நிற்பவை பழைய பேரிக்காய் மரங்கள். காய் சிறுத்துவிட்டது, ஏறிப் பறிக்க ஆள் இல்லை, நிழல் விழுந்து பீன்சும் உருளைக்கிழங்கும் கெடுகின்றன என்று கோடரியை எடுப்பவர்கள் உண்டு. இந்தக் காரணங்கள் பொய்யல்ல. ஆனால் இவற்றில் பெரும்பகுதி மரத்தின் குறை அல்ல. பல ஆண்டுகளாகக் கவாத்து செய்யாமல் விட்டதன் விளைவு.

பேரி, இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன கிளைகளில் உள்ள குட்டையான, கணுக்கள் நெருங்கிய சிறு கிளைகளில் காய்க்கும். வெயில் படாவிட்டால் இவை காய்ந்துபோகும். அப்போது மரம் உச்சியில் மட்டுமே காய்க்கும். எனவே இலை உதிர்ந்து மரம் உறங்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில், மொட்டு விரியும் முன் கவாத்து செய்ய வேண்டும்.

முதலில் காய்ந்த, நோயுற்ற, ஒன்றோடொன்று உரசும் கிளைகளை அடியோடு நீக்குங்கள். பிறகு உயரத்தைக் குறையுங்கள். ஒரே ஆண்டில் மொட்டையடித்தால் மரம் காய்ப்பை விட்டுவிட்டு, செங்குத்தான போத்துகளாகத் தள்ளும். வேலையை மூன்று குளிர்காலங்களுக்குப் பிரித்துக்கொள்வதே நல்லது. காய்க்கும் குட்டைக் கிளைகளைக் குப்பை என்று நினைத்துச் சீவிவிடக் கூடாது. பெரிய வெட்டுக் காயங்களில் போர்டோ பசை தடவ வேண்டும். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர் என்பது அதன் அளவு. இரும்புப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது.

காய் பிடித்த பின் ஒரு கொத்துக்கு ஒன்றிரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான். ஆனால் நெருக்கமாக விட்டால் எல்லாமே சிறுத்து, கிளையும் முறியும். வீட்டு மரமாக இருந்தால் தாள் பை கட்டிப் பழ ஈயிடமிருந்து காய்களைக் காக்கலாம்.

காய்ப்பு இருந்தும் ரகம் மட்டமாக இருந்தால் அதற்கும் மரத்தை வெட்ட வேண்டியதில்லை. நல்ல ரகத்தின் ஒட்டுக்குச்சியைக் கிளைகளில் கட்டி ரகத்தை மாற்றலாம். வேரூன்றிய மரம் என்பதால் புதுக்கன்றைவிட விரைவில் பலன் தரும். பல ரகங்களுக்கு அயல் மகரந்தம் தேவை என்பதால், ஒரே மரத்தில் இரண்டு ரகங்களை ஒட்டுவது தனி மரம் உள்ள வீட்டுக்கு நல்ல வழி.

பறிப்பதிலும் கவனம் வேண்டும். பேரி மரத்திலேயே பழுத்தால் உள்ளிருந்து கனிந்து நடுவில் அழுகத் தொடங்கும். முற்றிய காயைப் பக்கவாட்டில் தூக்கினால் காம்பு எளிதில் கழலும். அதுவே பறிக்கும் பருவம். உலுக்கி உதிர்த்த காய் அடிபட்டுக் கறுக்கும். அதற்கு நல்ல விலை கிடைக்காது. கையால் பறித்து, தரம் பிரித்து, வீட்டில் சில நாள் வைத்துக் கனியவிட வேண்டும்.

சமவெளி வாசகர்களுக்கும் ஒரு சொல். பேரிக்கு உறக்கம் கலைய 7 டிகிரி செல்சியசுக்கும் குறைவான குளிர் பல நூறு மணி நேரம் தேவை. மலையில் நன்கு வளரும் கீபர் போன்ற ரகங்களுக்கு இந்தத் தேவை குறைவுதான். ஆனால் அந்தக் குளிரும் சமவெளியில் கிடையாது. கன்று உயிரோடு இருக்கலாம்; காய்க்கும் என்று நம்பிப் பணத்தையும் ஆண்டுகளையும் இழக்க வேண்டாம். கொய்யாவும் சப்போட்டாவும் இருக்கும் இடத்தில் பேரிக்கு ஏங்க வேண்டியதில்லை.

விரிவாக்கப் பணியாளர்கள் செய்ய வேண்டியதும் இதில் இருக்கிறது. கூட்ட அரங்கில் கவாத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மலைக் கிராமம் ஒவ்வொன்றிலும் வரும் குளிர்காலத்தில் ஒரு பழைய மரத்தைத் தேர்ந்து, விவசாயிகள் கையில் கத்தரியைக் கொடுத்துச் செய்து காட்டலாம். ரகம் தெரிந்த தாய்மரங்களைக் கணக்கெடுத்து ஒட்டுக்குச்சி கிடைக்க ஏற்பாடு செய்யலாம். நாற்றுப்பண்ணைகள் ரகத்தின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும்.

நட்டு வளர்த்துக் காய்ப்புக்குக் கொண்டுவர ஆண்டுகள் ஆகும் மரத்தை வெட்ட ஒரு காலைப்பொழுது போதும். அதற்கு முன் மூன்று குளிர்காலம் கவாத்து செய்து பாருங்கள். அதன் பிறகும் காய்க்காத மரத்தை வெட்டலாம்; யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.