குழந்தைகள் போடும் படம்

"பெண் புத்தி அடுப்பங்கரையோடு சரி, அது அவள் சுபாவம், இயற்கை" என்று நமது பெரியவர்கள் சொல்லக் கேட்காதவர் இல்லை. கல்விக்குத் தெய்வம் சரஸ்வதி என்று கும்பிடுகின்ற நாட்டில்தான் இப்பேச்சும் நடக்கின்றது என்பது தனி வேடிக்கை. இவர்களுக்குப் பதில் சொல்ல நாம் சிறு குழந்தைகள் கிறுக்கிய படங்களையே சாட்சிக்கு அழைக்கின்றோம்.

கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய தேசங்களில் 1966 முதல் 1977 வரை பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் காகிதத்தைக் கொடுத்து, "ஒரு விஞ்ஞானியின் படம் போடு" என்று மாத்திரம் கேட்கப்பட்டது. ஆணா, பெண்ணா என்று சொல்லவில்லை. டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 1983இல் இதன் முடிவை வெளியிட்டார். சேர்ந்த படங்கள் 4,807. அவற்றில் பெண் விஞ்ஞானி எத்தனை என்றால், 28தான். அந்த இருபத்தெட்டையும் போட்டவர்கள் பெண் குழந்தைகளே. ஒரு பையனுக்காவது அந்த நினைப்பு வரவில்லை. மேரி கியூரி அம்மையார் 1903இலும் 1911இலும் நோபல் பரிசு வாங்கி அரை நூற்றாண்டு கழிந்த பின்பு கிடைத்த கணக்கு இது!

"பார்த்தீர்களா, இயற்கைதான்" என்று வைதிகர்கள் துள்ளலாம். சற்றுப் பொறுக்கட்டும். அமெரிக்காவில் ஐம்பது வருஷ காலத்தில் நடந்த இப்படிப்பட்ட 78 பரீட்சைகளை, 20,000க்கு மேற்பட்ட பிள்ளைகளின் படங்களோடு ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்து 2018இல் வெளியிட்டிருக்கின்றார்கள். 1985க்குப் பிந்திய படங்களில் நூற்றுக்குச் சுமார் 28 பெண்கள். முன்பு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாதது இருபத்தெட்டானது எப்படி? அதற்குள் பெண்ணின் மூளை மாறிவிட்டதா? ஆராய்ச்சிச் சாலைக்குள் பெண்கள் போனார்கள், புத்தகத்திலும் பத்திரிகையிலும் அவர்கள் படம் வந்தது, குழந்தை பார்த்தது.

இதைவிடப் பெரிய சேதி ஒன்றுண்டு. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் ஆணையும் பெண்ணையும் ஏறக்குறையச் சரிசமமாகவே போடுகின்றன. ஏழெட்டு வயதுக்கு மேல்தான் ஆண் படம் மிகுகின்றது. வயது ஏற ஏற இன்னும் மிகுகின்றது. இயற்கை என்பது எட்டாம் வயதில்தான் கண் விழிக்குமோ?

நிற்க, இரண்டு மூன்று வயதிலேயே தான் ஆண் அல்லது பெண் என்று குழந்தை சொல்லிவிடும். ஆனால் பையன் சடை போட்டுப் பாவாடை கட்டினால் பெண்ணாகிவிடுவான் என்று நாலு வயதில் பல பிள்ளைகள் நம்பும். உடை மாறினால் ஆள் மாறுவதில்லை என்பது ஆறேழு வயதில்தான் உறுதிப்படுகின்றது. அதுவரை ஆண் பெண் என்பது அதற்கு வெளிவேஷமே. நம் வீட்டுப் பிள்ளை அம்மாவுக்குப் பொட்டும் அப்பாவுக்கு மீசையும் போடுவது இதனால்தான். பொட்டோடு கரண்டியையும், மீசையோடு பத்திரிகையையும் சேர்த்துக் காட்டுவது யார்? நாமும் நமது பாடப் புத்தகங்களுமே அல்லவா?

கேரளத்தில் 2024இல் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில், தகப்பனார் சமையற்கட்டில் தேங்காய் துருவுவதாகப் படம் போட்டார்கள். அதனால் அங்கு யாருக்கும் மீசை உதிர்ந்ததாகத் தகவல் இல்லை.

தோழர்கள் இன்றிரவே தம் பிள்ளையின் புத்தகத்தை எடுத்து, அடுப்பண்டை நிற்பவர் யார், நாற்காலியில் இருப்பவர் யார் என்று எண்ணிப் பார்க்கட்டும். பிறகு ஒரு காகிதத்தைக் கொடுத்து, டாக்டர் படம் ஒன்று போடச் சொல்லட்டும்.